மூக்குக்குச் சான்றிதழ் இல்லை

உத்தியோகத்தில் இருந்த காலம் முழுவதும் மற்றவர்களுடைய குறைபாடுகளுக்குக் கையொப்பம் வைத்தவன் நான். கண்டிக்குப் பக்கத்தில் ஒரு பிரதேச செயலகத்தில் சமூக சேவைப் பிரிவு என் பொறுப்பில் இருந்தது. கலஹாப் பக்கத்துத் தோட்டங்களில் தேயிலைச் செடி வெட்டும் கவ்வாத்துக் கத்தி பட்டு விரல் போனவர்கள், பன்விலையிலிருந்து பஸ் மாறி பஸ் ஏறிப் பார்வையில்லாத தாயைக் கைபிடித்து அழைத்து வந்தவர்கள், எல்லாரும் என் மேசைக்கு முன்னால் கிடந்த ஒற்றைக் கதிரையில் இருந்து எழும்பிப் போனார்கள். குறை கண்ணுக்குத் தெரிந்தால் போதாது, கடதாசியில் தெரிய வேண்டும் என்பது விதி. முதலில் வைத்தியர் எழுதிய வீதத்தைப் பார்ப்பேன், பிறகு கிராம அலுவலரின் சிபாரிசைப் பார்ப்பேன், கடைசியாக ஆளைப் பார்ப்பேன். அந்த ஒழுங்கை நான் மாற்றியதில்லை.

புதிதாக வேலைக்கு வருகிறவர்களுக்கு வகுப்பும் எடுப்பேன். கால் போனது குறைபாடு. அதனால் நடக்க முடியாமல் இருப்பது இயலாமை. நடக்க முடியாதவர் மனுக் கொடுக்க வரும் காரியாலயத்தை மேல்மாடியில் வைத்திருப்பது தடை. மூன்றையும் குழப்பக் கூடாது என்பேன். எங்கள் பிரிவு மேல்மாடியில்தான் இருந்தது. வகுப்பில் எல்லாரும் சிரிப்பார்கள். நான் ஓய்வு பெற்ற நாளிலும் அது மேல்மாடியில்தான் இருந்தது.

இந்தக் குறை என்ற சங்கதியை ஒவ்வொருவர் ஒவ்வொரு விதமாகப் பாவிப்பதைப் பார்த்திருக்கிறேன். காப்புறுதிக்காரர்களுக்கு அது விலைப்பட்டியல்: பெருவிரலுக்கு இவ்வளவு, சுண்டுவிரலுக்கு இவ்வளவு. வீதிப் பொலிசாருக்கு அது குடித்துவிட்டு ஓட்டும் சாரதியை ஊதவைக்கும் பலூன். கணக்காளர்களுக்கு, வாங்கிய விலை பெறாமல் போன பொருளின் பெறுமதியைப் புத்தகத்தில் வெட்டுவது. எங்கள் சனங்களுக்கு அது பெண் பார்க்கப் போகும் வீட்டில் காதோடு காதாகக் கேட்கும் கேள்வி. கலியாணம் முடிந்த பிறகு அதே வீட்டுக்காரர் வாசலில் நின்று, "ஏதும் கொற இருந்தா மனசுல வச்சுக்காதீங்க" என்பார். "ஒரு கொறையும் இல்ல" என்று வயிறு நிறையாதவரும் சொல்லிவிட்டுப் போவார்.

காரியாலயச் சாமான்களுக்கும் குறை பார்ப்பது உண்டு. வருடக் கடைசியில் மூன்று பேர் கொண்ட குழு ஒன்று களஞ்சியத்துக்குள் இறங்கும். ஒவ்வொரு பொருளையும் பாவிக்கக்கூடியது, திருத்தக்கூடியது, அகற்ற வேண்டியது என்று மூன்றில் ஒன்றாக வகுக்க வேண்டும். நான் பல வருடம் அந்தக் குழுவில் இருந்தேன். உள்ளதைச் சொன்னால், திருத்தக்கூடியது என்று எழுதிய எதையும் யாரும் திருத்தியதில்லை. எறிய மனம் வராத எல்லாவற்றுக்கும் அந்தத் தலைப்பு ஒரு புகலிடம். கால் உடைந்த கதிரைகளும் நாடா அறுந்த தட்டச்சு இயந்திரங்களும் அதன் கீழே நிம்மதியாகத் தூசி பிடித்துக் கிடந்தன.

மனைவி இறந்த அடுத்த வருடம் கொரோனா எனக்கு வந்தது. காய்ச்சல் விட்டது, இருமல் விட்டது. மணம் மட்டும் போனது போனதுதான். முதலில் தேநீரின் மணம் இல்லை. பிறகு சவர்க்காரம், மழை, வியர்வை, ஒன்றுமில்லை. நாக்கு உப்பு, புளி, இனிப்பு, கசப்பு என்று நான்கு வார்த்தையோடு நின்றுகொண்டது. படுக்கையை விட்டு எழும்பியதும் அலுமாரியைத் திறந்து மனைவியின் சேலைகளுக்குள் முகத்தை வைத்தேன். அதற்கு முன் எத்தனையோ தடவை அப்படி வைத்ததுண்டு. அவள் அங்கே இருந்தாள். அன்று வெறும் துணி.

காது மூக்குத் தொண்டை வைத்தியரிடம் போனேன். யாழ்ப்பாணத்துப் பெண், என் மகனை விட இளையவர். கண்ணை மூடச் சொல்லி ஏதோ ஒன்றை மூக்கருகே பிடித்தார்.

"இது என்ன மணம், ஐயா?"

"கோப்பி."

"மணந்து சொல்லுறியளோ, மேசையில கண்டிட்டுச் சொல்லுறியளோ?"

"மேசையில் கண்டேன்."

"பாத்து எழுதிப் பாஸ் பண்ணுறதுக்கு இது சோதினை இல்லை ஐயா" என்று சிரித்தார். பிறகு சிரிப்பை நிறுத்திவிட்டு, "எப்ப இருந்து?" என்று கேட்டார். நான் சொன்னேன். இவ்வளவு காலம் ஆன பிறகு திரும்பி வருவது சந்தேகம் என்றார்.

பழக்கதோசத்தில் சான்றிதழ் கேட்டேன். எத்தனை வீதம் என்று எழுதித் தர முடியுமா என்றேன்.

"மூக்குக்கு ஆர் ஐயா சேட்டிபிக்கட் கேக்கினம்? கவனமா இருங்கோ. காஸ் மணம் தெரியாது, பழுதான சாப்பாடு தெரியாது. வீட்டில ஆர் இருக்கினம்?"

"ஒருவரும் இல்லை."

அவர் பேனையை மூடி வைத்தார். "அப்ப பக்கத்தில ஆற்றையும் மூக்கை இரவல் வாங்குங்கோ."

எனக்குத் தெரிந்த எந்தச் சுற்றறிக்கையிலும் அந்த ஏற்பாடு இல்லை. கண்ணுக்கும் காதுக்கும் கைகாலுக்கும் எந்தப் படிவம், எந்த மேசை, எந்த நாள் என்று தூக்கத்திலும் சொல்லுவேன். மூக்குக்கு மேசையே இல்லை. பஸ்ஸில் வலுவிழந்தோருக்கென்று ஒதுக்கிய ஆசனத்துக்குப் பக்கத்தில் பேராதனை ஆஸ்பத்திரியிலிருந்து நின்றுகொண்டே வந்தேன். ஒரு நன்மையும் இருந்தது என்று சொல்ல வேண்டும்: பஸ் நிலையத்து நாறும் வடிகானுக்குப் பக்கத்தில் முகம் சுளிக்காமல் நிற்கக்கூடியவனாக நான் மட்டும் இருந்தேன்.

யாருக்கும் சொல்லவில்லை. அதற்குக் காரணம் மகன்.

அவன் கொழும்பில் ஒரு தொடர்மாடியில் இருக்கிறான். தாயின் முப்பத்தோராம் நாள் காரியம் முடிந்த கையோடு என்னைக் கூட்டிப்போக வந்தான். நான் மறுத்தேன். மலைச்சரிவில் இருக்கும் இந்த வீடு, படி ஏறினால் மூச்சு வாங்கும், மழைக்குச் சுவரில் பூஞ்சணம் பூக்கும். ஆனாலும் அவள் வைத்த இடத்தில் எல்லாம் இருக்கிறது. கடைசியில் அவன், "ஒங்களால தனியா சமாளிக்க முடியற வரைக்கும் இருங்க. முடியலன்னு தெரிஞ்ச அன்னைக்கு வீட்ட வித்துட்டு வந்துறணும்" என்றான். போகும்போது பக்கத்து வீட்டுக்குப் போய்த் தன் தொலைபேசி இலக்கத்தைக் கொடுத்துவிட்டுப் போனான். கண்காணிப்பு அதிகாரி நியமனம் என்பது எனக்கு விளங்கியது.

பக்கத்து வீடு ஒரு முஸ்லிம் குடும்பம். வீட்டுக்காரருக்கு டவுனில் புடவைக்கடை. மனைவியை நாங்கள் தாத்தா என்போம். எங்கள் ஊர் முஸ்லிம்களுக்கு தாத்தா என்றால் அக்கா. என்னைவிட வயதில் இளையவர் என்றாலும் என் மனைவி அழைத்தபடியே நானும் அழைத்துப் பழகிவிட்டேன். இரண்டு வீட்டுக்கும் நடுவில் இடுப்பளவு மதில். அந்த மதிலுக்கு மேலால் சாப்பாடு போய் வருவது நாங்கள் குடிவந்த நாளிலிருந்து நடக்கிறது. நோன்புக்குக் கஞ்சி வரும், பெருநாளைக்குத் தேங்காய்ப்பாலும் கருப்பட்டியும் சேர்த்து அவித்த வட்டிலப்பம் வரும். வந்த பாத்திரத்தை வெறுமையாகத் திருப்பிக் கொடுப்பதில்லை. முறுக்கோ சீனியோ இரண்டு வாழைப்பழமோ, ஏதாவது இருக்க வேண்டும். மனைவி போன பிறகும் நான் அதை விடவில்லை. தொலைபேசியைத் தவிர எனக்கென்று வந்து போவது அந்தப் பாத்திரம் ஒன்றுதான்.

இந்த வருடம் தைப்பொங்கலுக்கு நானே சர்க்கரைப் பொங்கல் வைத்தேன். மனைவி வீட்டுப் பழக்கம், கடைசியில் பச்சைக் கற்பூரம் ஒரு சிட்டிகை போடுவார்கள். அது சமையலுக்கென்று இருப்பது. சாமிக்குக் கொளுத்தும் கற்பூரம் வேறு, அதைத் தின்னக் கூடாது, குழந்தைகளுக்கு விசம். மனைவி இரண்டையும் உடைத்து, ஒரே மாதிரியான இரண்டு ஜாம் போத்தல்களில் போட்டு, குசினிச் சுவர்த் தட்டில் பக்கத்துப் பக்கத்தில் வைத்திருந்தாள். பெயர் ஒட்டவில்லை. ஒட்டுவோமா என்று நான் கேட்டபோது, "மூக்கு எதுக்கு இருக்கு?" என்றாள். மூடியைத் திறந்து ஒரு தடவை முகர்வாள், ஒன்றை வைப்பாள், மற்றதை எடுப்பாள். எத்தனையோ காரியாலயக் கோவைகளுக்கு இலக்கம் போட்டவன் அந்த இரண்டு போத்தலுக்கும் பெயர் எழுதவில்லை. அவள் போன பிறகும் எழுதவில்லை. அவள் வைத்தது வைத்தபடி இருக்கட்டும் என்று விட்டுவிட்டேன்.

இடப்பக்கத்துப் போத்தல்தான் சமையலுக்கு என்பது என் ஞாபகம். அதிலிருந்து ஒரு சிட்டிகை போட்டேன். மணம் வந்ததா என்று எனக்குத் தெரியாது. தெரியாதபடியால் இன்னொரு சிட்டிகை போட்டேன். வாயில் போட்டுப் பார்த்தால் கொஞ்சம் கசந்தது. நெய்யில் வறுத்த கஜு கருகிவிட்டது என்று நினைத்தேன். மதிலுக்கு மேலால் பாத்திரம் போனது. அன்று பின்னேரம் தலை சுற்றியது, வயதின் கணக்கில் எழுதிவிட்டேன்.

அடுத்த நாள் பாத்திரம் வட்டிலப்பத்தோடு திரும்பி வந்தது.

"பொங்கல் எப்பிடி, தாத்தா?"

"நல்லாயிரிந்திச்சி சேர். ஒரு கொறையும் இல்ல."

நோன்பு மாதம் முழுக்கக் கஞ்சி வந்தது. பேரீச்சம்பழமும் வாழைப்பழமும் வைத்துப் பாத்திரத்தை அனுப்பினேன். இதற்கிடையில் ஒரு நாள் காலையில், ஒழுங்கையில் நின்ற ஓட்டோவில் நான் ஏறப்போகும்போது அவர் மதிலுக்கு அப்பாலிருந்து, "சேர், எறங்குங்க! அவன் கசிப்புல குளிச்சிட்டு வந்தீக்கான்!" என்று கத்தினார். ரோட்டோரத்தில் நின்ற எல்லாருக்கும் தெரிந்த கள்ளச் சாராய மணம், சாரதியின் தோளோடு தோளாக நின்ற எனக்குத் தெரியவில்லை. நான் ஏதோ தடிமன், மூக்கடைப்பு என்று சொல்லிச் சமாளித்தேன். அவர் என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தார். கண்காணிப்பு அதிகாரிகள் அப்படித்தான் பார்ப்பார்கள் என்று நான் அறிவேன்.

சித்திரைப் புத்தாண்டு வந்தது. பொங்கல் நல்லாயிருந்ததென்று சொன்னார்களே என்று அதே பொங்கலை, அதே போத்தலிலிருந்து, இம்முறை தாராளமாகவே போட்டு அனுப்பினேன்.

கொஞ்ச நேரத்தில் கேற்றடியில் தாத்தாவின் குரல். எப்போதும் மதிலோடு பேசுகிறவர், சுற்றி நடந்து வந்திருந்தார். கையில் என் பாத்திரம்.

"சேர், இத மணந்து பாருங்க."

குனிந்து, இத்தனை காலம் பழகிய முகத்தோடு, மூச்சை இழுத்தேன். "நல்ல நெய் மணம்."

"நெய்யா?"

"ஏலக்காயும்."

"சேர், எங்க வீடு முழுக்க ஒங்கட கோயில் மணக்குது. எங்கட ஆள் கேக்குறாரு, சேர் பூச செஞ்சிட்டு அனுப்பினாரா, பூசையவே அனுப்பினாரான்னு." அவர் சிரிக்கவில்லை. "ஒங்களுக்கு மணம் தெரியாதா?"

தெரியாது என்று தலையை அசைத்தேன்.

"எப்ப இருந்து?"

வைத்தியர் கேட்ட அதே கேள்வி. அதே பதிலைச் சொன்னேன். பிறகு நானும் ஒன்று கேட்டேன். "தைப்பொங்கலுக்கு அனுப்பியது?"

"அதுவும் இதேதான். மூடியத் தொறந்து பாத்துட்டு வாழமரத்தடியில பொதச்சேன்."

"நல்லாயிருந்தது என்று சொன்னீங்களே!"

"வேற எப்பிடிச் சொல்லுற? மனிசன் ஒத்தயா நிண்டு ஆக்கி அனுப்பிரிக்காரு. ஏதோ கை தவறிப் போச்சாக்கும்னு நெனச்சேன்."

"அன்றைக்கே சொல்லியிருந்தால் இன்றைக்கு இப்படி வந்திருக்காதே, தாத்தா."

"நீங்க சொல்லிரிந்தா அன்னைக்கே வந்திருக்காது, சேர்." குரல் இறங்கியது. "இன்னைக்கி நான் குசினியில நிண்டேன். பேத்தி மூடியத் தொறந்து வெரல உட்டுட்டா. வாய்க்குப் போறதுக்குள்ள கையத் தட்டி உட்டேன். இன்னும் அழுதுகிட்டு இரிக்கா."

அந்தச் சிறுமிக்கு மூன்று வயது முடியவில்லை. இனிப்புத்தான் அவளுக்குச் சோறு. என் வாயில் அந்தப் பொங்கல் எப்படிக் கசந்தது என்பது எனக்கு நினைவு வந்தது. அன்று பின்னேரம் தலை சுற்றியதும் வயதால் அல்ல, கொளுத்தும் கற்பூரத்தால்.

"மகன்ட நம்பர் என்ட போன்ல இரிக்கி. நீங்க சொல்றீங்களா, நான் சொல்லவா?"

"ஒரு கிழமை தாங்க. யோசித்து..."

"இது என்ன, கவர்மெண்டு கச்சேரியா சேர்? மஃரிபுக்கு முன்னம் சொல்லுங்க."

பள்ளிவாசலில் மாலைத் தொழுகைக்குப் பாங்கு சொல்வதற்குக் கொஞ்சம் முன்னதாக மகனுக்கு எடுத்தேன். புத்தாண்டு வாழ்த்தைச் சொல்லிவிட்டுத் தொடங்கினேன். அறிக்கை வாசிப்பதுபோல, பிற்சேர்க்கை உட்பட, ஒன்றையும் விடாமல் சொன்னேன்.

"மணம் தெரியலன்னா, சுத்தமாவாப்பா?"

"சுத்தமா."

"கேஸ்?"

"படுக்கப் போகும்போது சிலிண்டரைப் பூட்டுவேன்."

"பகல்ல?"

அவனுடைய வீட்டில் தொலைக்காட்சி ஓடிக்கொண்டிருந்தது. கடைசியில், "சனிக்கெழம வர்றேன்" என்றான்.

சனிக்கிழமை வந்து, அறை அறையாகப் போனான். குளிர்பெட்டியைத் திறந்து ஒவ்வொரு கிண்ணமாக முகர்ந்து, பாதியை வெளியே எடுத்து வைத்தான். அடுப்பின் குழாயை, பால் பக்கற்றை, எண்ணெய்ப் போத்தலைப் பார்த்தான். நான் பின்னால் நடந்தேன். வருடக் கடைசிக் குழுவின் பின்னால் களஞ்சியப் பொறுப்பாளர் இப்படித்தான் நடப்பார், ஏதாவது கேட்டால் சொல்லவென்று. மகன் கேட்கவே இல்லை. கற்பூரப் போத்தல்கள் இரண்டையும் குப்பையில் போட்டான். பிறகு முன்கூடத்துக் கதிரையில் இருந்து, "அப்பா, நாம பேசினது ஞாபகம் இருக்கா?" என்றான்.

இருந்தது. அந்த நிபந்தனையை நானே ஏற்றுக்கொண்டவன். மேன்முறையீட்டுக்கு இடமில்லை என்பதும் எனக்குத் தெரியும்.

அந்த நேரத்தில் தாத்தா தேநீரோடு வந்தார். என்னைக் காட்டிக்கொடுக்க வருகிறார் என்றுதான் நினைத்தேன்.

"மகன், சேர் இங்கயே இரிக்கட்டும்."

"தனியா எப்பிடி ஆன்ட்டி? நீங்களே பாத்தீங்கதானே."

"பாத்தேன். பொய்க்குத்தான் நான் ஏசினேன், மூக்குக்கு இல்ல. மூக்குதானே பழுது, மத்ததெல்லாம் ஓடுதுதானே. ஒங்கட மேல்மாடியில கொண்டுபோய் வெச்சா அதுவும் நிண்டுடும். மணம் பாக்குறத்துக்கு நான் இரிக்கேன். அந்த கேஸ மட்டும் எடுத்துட்டுப் போங்க."

மகன் நெடுநேரம் தேநீரைக் குடித்தான். போகும்போது சிலிண்டரைக் காரில் ஏற்றினான். அடுத்த கிழமை ஒரு மின்சார அடுப்பு வந்தது. "ஆறு மாசம் பாப்போம்" என்றான். தகுதிகாண் காலம். நான் அதற்கும் பழகியவன்.

இப்போது காலையில் பால் பக்கற்றையும் முதல் நாள் மிஞ்சிய கறியையும் மதிலில் கொண்டுபோய் வைக்கிறேன். அவர் கையில் இருக்கும் வேலையோடு வந்து முகர்வார். "பால் சரி. பருப்பக் கொட்டுங்க சேர்." நான் கொட்டுவேன். எங்களுக்குள் ஓர் உடன்பாடு: இனி நல்லாயிருந்தது என்று மரியாதைக்குச் சொல்லக் கூடாது. "உள்ளதச் சொன்னா கோவிக்கப்படாது" என்றார். கோவிக்கமாட்டேன் என்றேன். அவர் உள்ளே போன பிறகு நாள் முழுவதும் பேச்சு இல்லை. மின்சார அடுப்புக்குச் சத்தமும் இல்லை, சுவாலையும் இல்லை. அது எரிகிறதா என்று குனிந்து பார்க்க வேண்டியிருக்கிறது.

ஒரு நாள் பால் பக்கற்றோடு ஒரு சேலையையும் மதிலில் வைத்தேன். கரும்பச்சைச் சேலை, மனைவி கோயிலுக்குக் கட்டுவது. அதற்கு முதல் பல நாள் யோசித்தேன். இப்படி ஒன்றை ஒருவரிடம் எப்படிக் கேட்பது என்று எனக்குத் தெரியவில்லை. இதற்காகத்தான் இந்த வீட்டில் இருக்கிறேன் என்று சொல்வதற்கும் கூச்சமாக இருந்தது. மணம் இருந்து எனக்குத்தான் தெரியவில்லையா, அல்லது எப்போதோ போய்விட்டதா என்று என்னால் சரிபார்க்க முடியாது.

தாத்தா ஒன்றும் கேட்கவில்லை. கையைச் சட்டையில் துடைத்துவிட்டு, சேலையை மடிப்புக் கலையாமல் எடுத்து முகத்தில் வைத்தார். கண்ணை மூடிக்கொண்டு நின்றார். பால் பக்கற்றை முகர்வதற்கு அவருக்கு ஒரு நொடி போதும். இதற்கு அவ்வளவு நேரம் எடுத்தார்.

நல்லாயிருந்தது என்று சொல்லிவிடுவாரோ என்று பயந்தேன். சொல்லமாட்டாரா என்றும் இருந்தது.

"பூச்சி உருண்ட மணந்தான் சேர் வருது."

"வேற?"

"வேற ஒண்டும் தெரியல்ல." சேலையைத் திருப்பி வைத்து, மடிப்பை உள்ளங்கையால் நீவிவிட்டார். "உருண்டய எடுத்துட்டு ஒரு நாள் வெயில்ல போடுங்க. உருண்டட மணம் போன பொறகு திரும்பக் கொண்டாங்க, பாப்போம். அடியில இரிந்தாலும் இரிக்கும்."

அதற்குப் பிறகு நல்ல வெயில் எத்தனையோ நாள் அடித்துவிட்டது. தாத்தா துணி காயப்போடும்போது என் கொடியையும் ஒரு தடவை பார்ப்பார். நான் சேலையை இன்னும் வெளியே எடுக்கவில்லை. அலுமாரியில், உருண்டைகளோடு, இருந்த இடத்திலேயே இருக்கிறது. குழு இறங்கி வந்து கேட்டால், திருத்தக்கூடியது என்று எழுதச் சொல்லுவேன்.